ராஜா வளர்த்த கிளிப்பிள்ளை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். எனக்குச் சொன்னவர் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ராஜாவின் பெயர் தெரியும். ஆனால் பட்டங்களோடு சேர்த்துச் சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆகவே வெறும் ராஜா என்றே வைத்துக்கொள்வோம். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர், அவ்வளவே.

ராஜாவுக்கு யானை இருந்தது, குதிரை இருந்தது, ஏழு கட்டு அரண்மனை இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. அரண்மனையில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வாய் திறக்காததாலேயே எல்லோருக்கும் எப்போதும் அதே நினைவாக இருந்தது.

ஒரு நாள் ராணியின் பிறந்த வீட்டிலிருந்து சீர் வந்தது. பட்டு, சந்தனம், தேன்குடம் இவற்றோடு ஒரு கூண்டும் வந்தது. கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி. கழுத்தில் சிவப்பு வளையம், மூக்கு நல்ல பவழ நிறம். அதைச் சுமந்துவந்த வேடன் கீழே விழுந்து கும்பிட்டான்.

"மகாராசா, கிளிப்பிள்ளை கொண்டாந்திருக்கேனுங்க!"

நம் பேச்சு வழக்கம் உங்களுக்குத் தெரியும். அணிலை அணிற்பிள்ளை என்போம், கீரியைக் கீரிப்பிள்ளை என்போம், தென்னங்கன்று கூட நமக்குத் தென்னம்பிள்ளைதான். வேடனும் அந்த வழக்கத்தில்தான் சொன்னான். ஆனால் ராஜாவின் காதில் முன்பாதி விழவில்லை, பின்பாதி மட்டும் விழுந்தது.

"என்ன சொன்னாய்? பிள்ளையா?"

"ஆமாங்க, கிளிப்பிள்ளைங்க."

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார். "பிள்ளை என்று வந்துவிட்டால் அது நம் பிள்ளைதான். இன்று முதல் இது இந்த அரண்மனையில் நம் மகனாக வளரும். நம்மை 'அப்பா' என்று அழைக்கும். இது நம் கட்டளை."

சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பிரதானி திருமேனியார், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு "ஆகா!" என்றார். ராஜாவுக்கு அடுத்த பெரிய மனிதர் அவர்தான். அவர் "ஆகா" என்றால் சபை முழுவதும் "ஆகா" என்றாக வேண்டும். சபையும் சொன்னது.

ராஜா ஆசையோடு கூண்டுக்குள் விரலை நீட்டினார். கிளி லபக்கென்று பிடித்துக் கடித்தது. ரத்தம் வந்துவிட்டது. எல்லோரும் பதறிப்போய் நிற்க, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கவனித்தீர்களா மகாராஜா? முதல் நாளே பிள்ளை அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டது!"

சொன்னவன் காளத்தி, சபையின் விகடகவி. ராஜா வலியை மறந்து சிரித்துவிட்டார். திருமேனியாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தை தமக்குத் தோன்றவில்லையே என்று வெற்றிலையை வேகமாக மென்றார்.

கிளி வளர்த்தவர்களுக்கு மேற்கொண்டு நடந்தது தெரியும். வளர்க்காதவர்களுக்கு நான் சொல்கிறேன். கிளி பார்க்கத்தான் பச்சை, அதன் மூக்கு ஒரு தச்சன் பட்டறை. முதல் நாள் தங்கக் கூண்டின் கொக்கியைத் தானே திறந்து வெளியே வந்தது. இரண்டாம் நாள் சிம்மாசனத்தின் கைப்பிடியில் இருந்த சிங்கத்தின் ஒரு காதைக் கடித்து எடுத்தது. விடிந்ததும் ஒரு கூச்சல், அந்தி சாய்ந்ததும் ஒரு கூச்சல். ராணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். தினைக்கதிரைப் போட்டால் பாதியைத் தின்னும், மீதியை நாற்புறமும் இறைக்கும். ராஜாவின் முத்துமாலையைக் கொத்தி அறுத்ததில், முத்து பொறுக்க நாலு பேரைத் தனியாக வைக்க வேண்டியிருந்தது.

ஆஸ்தானப் புலவர் கனகசபைக் கவிராயர், ராஜாவின் யானை வேட்டையைப் பற்றி நூறு பாட்டு எழுதி ஓலைக்கட்டாகச் சபைக்குக் கொண்டுவந்தார். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், கிளி முப்பத்தேழாவது ஓலையிலிருந்து அறுபத்திரண்டாவது ஓலை வரை பொடிப்பொடியாக்கிவிட்டது. கவிராயர் அழாத குறையாக நின்றார்.

"வருந்தாதீர்கள் கவிராயரே," என்றான் காளத்தி. "இப்போதுதான் வேட்டை விறுவிறுப்பாக நடக்கிறது."

அன்றைக்கே கிளி பறந்துபோய்த் திருமேனியாரின் தலைப்பாகை மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த கிளி சும்மா எழுந்து போகுமா? வெள்ளையாக ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போனது. இளவரசர் செய்ததை உடனே துடைத்தால் அவமரியாதை என்று, பாவம், சபை கலையும் வரை பிரதானி அப்படியே நின்றார்.

இத்தனை செய்த கிளி ஒன்றை மட்டும் செய்யவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ராஜா தினமும் கூண்டின் முன் நின்று "அப்பா சொல்லு, அப்பா" என்பார். கிளி ஒரு கண்ணால் அவரைப் பார்க்கும், பிறகு மறு கண்ணால் பார்க்கும், பிறகு முதுகைக் காட்டிக்கொள்ளும். ராஜாவின் முகம் நாளுக்கு நாள் வாடியது.

திருமேனியாரும் கவிராயரும் கலந்து பேசினார்கள். மறுநாள் சபையில் திருமேனியார் எழுந்தார்.

"மகாராஜா, கிளி பேசாததற்குக் காரணம் கற்பிக்க ஆள் இல்லாததே. நம் சபையில் வாய் என்றால் காளத்தியின் வாய்தான். பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாம். ஒரு மண்டலம் கெடு போதும். நாற்பத்தெட்டு நாளில் கற்பிக்க முடியாத வாய் இந்த ஊருக்கு எதற்கு? குடும்பத்தோடு வேறு ஊர் பார்த்துக்கொள்ளட்டும்."

காளத்தியின் வீட்டில் ஒரு கிணறு உண்டு. ஊரிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு அது. பிரதானியின் மைத்துனருக்கு அந்த வீட்டின் மேல் ரொம்ப நாளாகக் கண். இது ராஜாவுக்குத் தெரியாது, காளத்திக்குத் தெரியும்.

ராஜாவுக்கு இருந்த ஏக்கத்தில் யோசிக்கத் தோன்றவில்லை. "அப்படியே ஆகட்டும்," என்று சொல்லிவிட்டார்.

"உத்தரவு மகாராஜா," என்றான் காளத்தி. "ஆனால் என் வாய் பொல்லாதது, காது அதைவிட மோசம். கட்டளையை ஓலையில் எழுதித் தந்தால் மறக்காது. பிரதானியாரின் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்."

திருமேனியார் சந்தோஷமாக எழுத்தாணியை எடுத்து எழுதினார். 'நாற்பத்தெட்டாம் நாள், நிறைந்த சபையில், எல்லோர் காதிலும் விழும்படி, மகாராஜாவைக் குறித்துக் கிளிப்பிள்ளையின் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வர வேண்டும். வராவிட்டால் காளத்தி குடும்பத்தோடு ஊரை விட்டு நீங்க வேண்டும்.'

காளத்தி ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கூண்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி உலகம்மை விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா? மூணு பொண்ணையும் கூட்டிக்கிட்டு எந்த ஊருக்குப் போறது? சட்டி பானையைக் கட்டிடலாம், கிணத்தையும் சுருட்டிக்கிட்டுப் போக முடியுமா?"

"நாப்பத்தெட்டு நாள் இருக்கு, உலகு. அதுக்குள்ள ஏன் கிணத்தைச் சுருட்டுறே?"

வெளியில் சிரித்தானே தவிர, அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

காளத்தி கிளிக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. கூண்டை அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் தொங்கவிட்டான். காலையில் கூண்டைக் கழுவினான். வேலியில் போய்க் கோவைப்பழம் பறித்துவந்து கொடுத்தான். வெயில் ஏறியதும் கையால் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டினான். அவனுடைய பெண்கள் மூவரும் நாள் முழுக்க அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதிலும் கடைக்குட்டி வடிவுக்கு ஐந்து வயது. அவளுக்குத் தெரிந்த வாக்கியமே இரண்டுதான். ஒன்று, 'அப்பா, இங்க வா.' இன்னொன்று, 'அப்பா, பசிக்குது.'

இருபதாவது நாள் காலையில் காளத்தி கோவைப்பழத்தோடு உள்ளே வந்தான். "அப்பா, பசிக்குது!" என்று குரல் வந்தது. "இரும்மா, கிளிக்குக் குடுத்துட்டு வரேன்," என்றான். திரும்பிப் பார்த்தால் வடிவு வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். கூண்டைப் பார்த்தான். கிளி கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, வடிவின் குரலில் மறுபடியும் சொன்னது. "அப்பா, பசிக்குது!"

காளத்தி குதித்தான். உலகம்மை சுவாமிக்கு விளக்கேற்றினாள். கெடு முடியும் வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் சந்தோஷம் வந்தால் புத்திசாலிக்கும் புத்தி கொஞ்சம் மட்டுப்படும். கூண்டைத் தூக்கிக்கொண்டு அப்போதே சபைக்கு ஓடினான்.

ராஜா ஆவலோடு இறங்கிவந்து கூண்டின் முன் நின்றார். கிளி ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணால் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிக் காளத்தியைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னது.

"அப்பா, பசிக்குது!"

சபை முழுவதும் ராஜாவின் பக்கம் திரும்பியது.

"மகாராஜா!" என்று திருமேனியார் வெற்றிலை தெறிக்கக் கத்தினார். "அரச குமாரன் வேறொருவனை அப்பா என்கிறான்! இதைவிட ராஜத்துரோகம் உண்டா?"

ராஜா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காளத்திக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு சின்னப் பெண்ணின் குரலில், கண்ணெதிரே, இன்னொருவனுக்குக் கிடைத்த அந்த வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது. "உனக்குத்தான் மூன்று பேர் இருக்கிறார்களே, காளத்தி. இதையும் நீயே எடுத்துக்கொண்டாயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ராஜாவின் மனம் இந்த அளவு நோகும் என்று காளத்தி நினைக்கவே இல்லை. விகடம் எதுவும் வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது.

"மகாராஜா, கிளி மேல் குற்றமில்லை. யார் பழம் பறிக்கிறார்களோ, யார் கூண்டு கழுவுகிறார்களோ, யார் கடி வாங்குகிறார்களோ, அவரை அது அப்பா என்கிறது. பிள்ளை வேலையை அது கற்றுக்கொண்டுவிட்டது. தாங்கள்தான் அப்பா வேலையை இன்னும் தொடங்கவில்லை."

இப்படிப் பேசினால் தலை தப்புமா என்று எல்லோரும் பார்த்தார்கள். ராஜா தம் விரலிலிருந்த கடித் தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நாளைக் காலையில் வந்து கற்றுக்கொடு," என்றார்.

காளத்தி சொன்னபடி கூண்டைச் சபையிலேயே தொங்கவிட்டார்கள், ராஜா உள்ளே வந்து போகும் திரைச்சீலைக்குப் பக்கத்தில். "அப்பா வருவதும் போவதும் பிள்ளையின் கண்ணில் பட வேண்டும், மகாராஜா," என்றான் அவன்.

மறுநாள் விடிந்ததும் ராஜா கோவைப்பழம் பறிக்கப் போனார். கோவை எங்கே காய்க்கும் என்று அவருக்குத் தெரியாது. அது அவருடைய அரண்மனை வேலியிலேயே காய்த்துக் கிடந்தது. வேலிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தவரைக் காவல்காரன் பின்னாலிருந்து பிடித்து, "எவன்டா அவன் ராசா வீட்டு வேலியில கை வைக்கிறவன்?" என்று உலுக்கினான். ஆளைப் பார்த்ததும் அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ராஜா அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பழத்தோடு சபைக்கு வந்தார்.

அடுத்தது கடி. கையை நீட்டியபோதெல்லாம் கிளி கடித்தது. நாலாம் நாள் ராஜாவின் பத்து விரலில் ஆறு விரலுக்குக் கட்டுப்போட்டிருந்தது.

"தங்கள் கை மேலேயிருந்து வருகிறது, மகாராஜா," என்றான் காளத்தி. "ராஜாக்களின் கை அப்படித்தான் வந்து பழக்கம். ஆனால் கிளிக்கு மேலேயிருந்து வருவதெல்லாம் பருந்து. கையைக் கீழேயிருந்து கொண்டுவாருங்கள். நெஞ்சுக்கு நேரே நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்."

"எவ்வளவு நேரம்?"

"அது சொல்லும் வரை."

ராஜா கையைக் கீழேயிருந்து கொண்டுபோய் நிறுத்தினார். கை வலித்தது. மந்திரிகள் காத்திருந்தார்கள், வழக்குக்காரர்கள் காத்திருந்தார்கள். முதன்முதலாக ராஜாவும் காத்திருந்தார். கிளி ஒரு காலை எடுத்து அவர் விரல் மேல் வைத்தது. யோசித்தது. மறு காலையும் வைத்தது. பிறகு தலையைக் குனிந்து பிடரியைக் காட்டியது. காளத்தி சைகை காட்ட, ராஜா ஒரு விரலால் அதன் பிடரி இறகை நீவிவிட்டார். கிளி கண்ணை மூடிக்கொண்டது. ராஜாவும் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு ராஜாவைப் பிடிக்க முடியவில்லை. கூண்டைத் தாமே கழுவினார். தண்ணீர் தெளித்தார். கிளி அவர் தோளில் உட்கார்ந்து காதுக் குண்டலத்தை உருட்டியது, மீசையைக் கோதிவிட்டது. சபை நேரம் நீண்டது. கூண்டு கழுவி முடிக்கும் வரை எல்லோரும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ராஜா திரைக்குப் பின்னால் போனதும் பிரதானியும் புலவரும் மற்றவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். உட்கார்ந்து என்ன சொல்வார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் கிளி ராஜாவை அப்பா என்று மட்டும் சொல்லவில்லை. இடம் மாறிய கிளி கொஞ்ச நாள் வாய் மூடித்தான் இருக்கும். புதிதாகக் கேட்டதை உடனே சொல்லவும் சொல்லாது. இறகுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு, தனக்குத்தானே முணுமுணுத்துப் பார்த்து, நேரம் வரும்போதுதான் எடுத்துவிடும். கூண்டருகில் காதை வைத்துக் கேட்ட காளத்திக்கு மட்டும் அது என்ன முணுமுணுக்கிறது என்று ஒருவாறு புரிந்தது. கேட்டுவிட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு சொல்லுக்காகக் காத்திருந்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. வீட்டில் உலகம்மை சட்டி பானைகளை நிஜமாகவே கட்டி வைத்துவிட்டாள். வடிவு அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சபை நிரம்பி வழிந்தது. பிரதானியின் மைத்துனர் முன்வரிசையிலேயே இடம் பிடித்திருந்தார்.

ராஜா வந்தார். கையைக் கீழேயிருந்து நீட்டினார். கிளி வந்து உட்கார்ந்தது. "அப்பா சொல்லு," என்றார் கெஞ்சுவதுபோல. கிளி பிடரியைக் காட்டியது. நீவிவிட்டார். "ஒரு தரம் சொல்லு." கிளி அவர் மோதிரத்தைக் கடித்துப் பார்த்தது. பொழுது ஏறியது. பேச்சு வரவில்லை.

திருமேனியார் கனைத்துக்கொண்டு எழுந்தார். "மகாராஜா, கெடு தீர்ந்தது. வாக்கு என்று ஒன்று இருக்கிறது."

ராஜா கிளியைக் கூண்டில் விட்டார். "காளத்தி, எனக்கு வேண்டியதில் பாதி கிடைத்ததே உன்னால்தான். ஆனாலும் சபையில் கொடுத்த வாக்கு..." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ராஜா அழுவதைச் சபை பார்க்கக் கூடாது அல்லவா? சட்டென்று திரும்பி நடந்தார். திரைச்சீலை விழுந்தது. மற்ற நாளில் அந்தப்புரத்துக்கு விடுவிடென்று போய்விடுகிறவர், அன்று திரைக்குப் பின்னாலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளி திரையைப் பார்த்தது. இறகை உதறியது. பிறகு, வாயில் வெற்றிலை அடக்கிய கனத்த குரலில், சபையே கேட்கும்படி சொன்னது.

"அப்பாடா! போயாச்சு!"

அடுத்தாற்போல், பாட்டு இழுக்கிற இன்னொரு குரலில் சொன்னது. "இனி மூச்சு விடலாஆஆம்!"

சபையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. முதல் குரல் திருமேனியாருடையது, அச்சு அசல். இரண்டாவது கவிராயருடையது. ராஜா திரைக்குப் பின்னால் போனதும் அவர்கள் தினமும் சொன்னது இதுதான்.

திரை விலகியது. ராஜா வெளியே வந்தார். கிளி வாயை மூடிக்கொண்டது. ராஜா மறுபடி திரைக்குள் போனார். "அப்பாடா! போயாச்சு!" வெளியே வந்தார், மௌனம். உள்ளே போனார். "அப்பாடா! போயாச்சு!" மூன்று தரம் போய்வந்துவிட்டு ராஜா நடுச்சபையில் நின்றார். முகத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

காளத்தி இடுப்பிலிருந்த ஓலையை எடுத்து விரித்தான்.

"மகாராஜா, நிறைந்த சபை ஆயிற்று. எல்லோர் காதிலும் விழுந்தாயிற்று. தங்களைக் குறித்து, கிளிப்பிள்ளையின் வாயிலிருந்து, அப்பா என்ற சொல் வந்தும் ஆயிற்று. நான் வீட்டுக்குப் போய் மூட்டையைப் பிரிக்கலாமா?"

"அது எப்படி?" என்று திருமேனியார் துள்ளி எழுந்தார். "ஓலையில் இருப்பது 'அப்பா'. கிளி சொன்னது 'அப்பாடா'!"

"'அப்பாடா'வுக்குள் 'அப்பா' முழுசாக இருக்கிறதா இல்லையா, பிரதானியாரே?"

"இருக்கிறது. ஆனால் 'டா'..."

"செல்லம் அதிகமானால் 'டா' வரும். 'டா' கூடாது என்று தாங்கள் ஓலையில் எழுதவில்லையே."

"செல்லமாவது! அது பிள்ளை அப்பனைக் கூப்பிடுகிற சொல்லே இல்லை. பாரம் இறங்கினால் விடுகிற பெருமூச்சு! சின்னக் குழந்தைக்கும் தெரியும்!"

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது என்ன என்று திருமேனியாருக்கே உறைத்தது. காளத்தி மிகவும் பணிவாகக் கேட்டான்.

"அப்படியா? எந்தப் பாரம் இறங்கியது, பிரதானியாரே? யார் போயாச்சு?"

திருமேனியார் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார்.

"மகாராஜா, எனக்கு இரண்டும் சம்மதம்," என்றான் காளத்தி. "அது செல்லமாக அழைத்த அழைப்பு என்றால் நான் ஊரில் இருக்கிறேன். பெருமூச்சு என்றால் இப்போதே புறப்படுகிறேன். போகும் முன் அந்த மூச்சு யாருடையது என்று மட்டும் விசாரித்துவிடலாம். தீர்ப்பைப் பிரதானியாரே சொல்லட்டும்."

திருமேனியார் கூண்டைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் கூரையைப் பார்த்தார்.

"அது... அழைப்புதான், மகாராஜா."

"காதில் விழவில்லை," என்றார் ராஜா.

"கிளிப்பிள்ளை தங்களை அப்பா என்றுதான் அழைத்தது, மகாராஜா! என் இரண்டு காதாலும் கேட்டேன்!"

"நானும் கேட்டேன்!" என்றார் கவிராயர்.

"அப்படியானால் 'போயாச்சு' என்றதற்குப் பொருள்?"

கவிராயர் எத்தனை பாட்டுக்கு உரை சொன்னவர்! கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "அப்பா போய்விட்டாரே என்கிற ஏக்கம், மகாராஜா."

ராஜாவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காது போன சிங்கத்தின் மேல் சாய்ந்து சிரித்தார். "அந்தப்புரத்துக்குள் போய்க் கிரீடத்தைக் கழற்றி வைத்ததும் நான் தினமும் என்ன சொல்கிறேன் தெரியுமா, திருமேனியாரே? 'அப்பாடா!' ஆளுக்கு ஆள் ஏக்கம்தான்!" அதன் பிறகுதான் சபைக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது.

இந்தக் கூத்தில் ஒருவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பொழுது உச்சியைத் தாண்டிவிட்டது. கொண்டுவந்த கோவைப்பழம் ராஜாவின் இடுப்புக்கச்சையிலேயே இருந்தது.

"அப்பா, பசிக்குது!"

சிரிப்பு நின்றது. ராஜா காளத்தியைப் பார்த்தார். "உன்னையா? என்னையா?"

காளத்தி பதில் சொல்லாமல் ஒரு பெரிய தூணுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டான். இப்போது கிளிக்கு எதிரே ராஜா ஒருவர்தான். அது கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை அவர் பக்கம் நீட்டி, வடிவின் குரலில் மறுபடியும் சொன்னது.

"அப்பா, பசிக்குது!"

"இதோ வந்துட்டேம்ப்பா," என்றார் ராஜா. அரச பாஷை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கீழேயிருந்து பழத்தை நீட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இந்தத் தடவை அவர் திரையைத் தேடிப் போகவில்லை.

பிறகென்ன, தம் தோளிலிருந்த பொன் சால்வையைக் காளத்திக்குப் போர்த்தினார். கிணற்றோடு சேர்த்து அந்த வீடு அவன் வம்சத்துக்கே என்று புதிய ஓலை எழுத வைத்தார். எழுதியவர் திருமேனியாரே, முத்துமுத்தான கையெழுத்தில். "இன்னும் என்ன வேண்டும், கேள்," என்றார் ராஜா.

"சபை தினமும் ஒரு நாழிகை முன்னதாகக் கலையட்டும், மகாராஜா. எல்லோருக்கும் இடுப்பு வலி."

ராஜா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பிரதானிக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது. பழம் கொடுப்பது அப்பாவின் வேலை என்பதால் அதை ராஜா விட்டுத்தரவில்லை. இளவரசரின் கூண்டைக் கழுவுவது மட்டும் இனிமேல் திருமேனியார் வேலை. அவர் ஒரு மாதம் கழுவினார். கடி வாங்கினார். தலைப்பாகைக்கு வாரத்தில் மூன்று நாள் ஆசீர்வாதம் கிடைத்தது. ராஜா போனதும் சபையில் இப்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூக்கால் மட்டும் மூச்சு விடுவார்கள்.

ஒரு நாள் திருமேனியார் கூண்டைக் கழுவி முடித்து, ராஜாவை வணங்கி, வாசல் வரை போயிருப்பார். பின்னால் கூண்டிலிருந்து ஒரு குரல் வந்தது. இம்முறை வெற்றிலைக் குரல் அல்ல. கம்பீரமான குரல், ராஜாவின் சொந்தக் குரல்.

"அப்பாடா! போயாச்சு!"

திருமேனியார் திரும்பிப் பார்த்தார். ராஜா அவசர அவசரமாக ஒரு கோவைப்பழத்தை எடுத்துக் கிளியின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் சிரிப்பில் குலுங்கின.

"ஏக்கம்தான், திருமேனியாரே," என்றார்.